கூச்சமுள்ள பிள்ளைக்கு விற்பனை வேலை ஒத்துவருமா?



தேர்வு முடிவுகள் வந்து ஓரிரு மாதம் கழிந்தால், நம் கடைகளுக்கும் மண்டிகளுக்கும் வேலை கேட்டு வரும் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். பிளஸ் டூ முடித்தவர், பட்டம் முடித்தவர், பாதியில் நிறுத்தியவர் என்று பலரும் வருவார்கள். நம்மிடம் காலியாக இருப்பது பெரும்பாலும் விற்பனை வேலைதான். கவுண்ட்டரில் நின்று விற்க வேண்டும். அல்லது லைனில் போய்க் கடை கடையாக ஆர்டர் எடுக்க வேண்டும்.

வருகிற பிள்ளைகளில் சிலர் கணக்கில் கெட்டி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நேரம் தவற மாட்டார்கள். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் எதிரே வந்து நின்றால் வாய் உலர்ந்துவிடும். "நாளைக்கே வேலைக்கு வா தம்பி" என்று நாம் சொன்ன பிறகும், "யோசித்துச் சொல்கிறேன் அண்ணா" என்று போய்விடுவார்கள். இரண்டு நாள் கழித்துத் தகப்பனார் வந்து, "பையன் கொஞ்சம் கூச்ச சுபாவம். வேறு ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்பார். நாமும், "வாயில்லாதவனை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்ய முடியுமா?" என்று சொல்லி அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

இதனால் யாருக்கு நஷ்டம்? அந்தப் பிள்ளைக்கு நஷ்டம் என்பது தெளிவு. நமக்கும் நஷ்டம்தான். ஓசூரும் பெங்களூரும் திருப்பூரும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. ஊரிலேயே இருந்து நாணயமாக வேலை பார்க்க ஆள் கிடைக்கவில்லை என்று தருமபுரியிலும் அரூரிலும் பாலக்கோட்டிலும் புலம்பாத வியாபாரி இல்லை. அப்படியிருக்க, வாசல் வரை வந்த நல்ல பிள்ளையைப் பேச்சுத் திறமை என்ற ஒரே தராசில் நிறுத்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவது சரிதானா என்று யோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கூச்சம் ஒன்று மட்டுமே காரணமாக இருந்தால், அந்தப் பிள்ளை விற்பனை வேலையை ஒப்புக்கொள்ளலாம், ஒப்புக்கொள்வதே நல்லது. ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. பாதி நிபந்தனை அந்தப் பிள்ளைக்கு. மீதிப் பாதி முதலாளிகளாகிய நமக்கு.

இது என்ன பயம்?

புது ஆளிடம் பேசத் தயங்குவது மனித இயல்பு. கல்யாண வீட்டில் தெரியாத பந்தியில் உட்காரவே நம்மில் பலருக்குக் கூச்சம் உண்டு. நாலு நாள் பழகினால் அது போய்விடும். சிலருக்கு அப்படிப் போவதில்லை. எதிரே நிற்பவர் தன்னை எடை போடுகிறார், தப்பாக ஏதாவது பேசி அவமானப்படப் போகிறோம் என்ற எண்ணம் மனதைப் பிடித்துக்கொள்ளும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், குரல் நடுங்கும். முதல் நாள் இரவே தூக்கம் போய்விடும். பேசி முடித்த பிறகும், "அப்படிச் சொன்னேனே, என்ன நினைத்தாரோ" என்று மணிக்கணக்கில் மனம் அரைக்கும்.

மருத்துவர்கள் இதைச் 'சமூகப் பதற்றம்' என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 1980-இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் இது தனித் தலைப்பில் இடம் பெற்றது. பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில்தான் தொடங்கும். வெளியே தெரியாத தொல்லை என்பதால் வீட்டார்கூட இதைத் திமிர் என்றும் சோம்பல் என்றும் எண்ணிவிடுவது உண்டு.

இந்தப் பயத்தின் கணக்கை வியாபாரிகளாகிய நாம் எளிதில் புரிந்துகொள்ளலாம். இது கந்துவட்டிக் கடனைப் போன்றது. பயந்த இடத்துக்குப் போகாமல் தவிர்த்தால் அன்றைக்கு நிம்மதி கிடைக்கும். கைக்கு ரொக்கம் வந்ததைப் போல இருக்கும். ஆனால் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வட்டி போட்டு வளரும். முதலில் புது ஆளைத் தவிர்த்தவர், பிறகு தெரிந்த கடைக்காரரைத் தவிர்ப்பார்; பிறகு போன் மணி அடித்தாலும் எடுக்க மாட்டார். கடைசியில் வீட்டுத் திண்ணையைத் தாண்ட முடியாமல் போகும். இந்தக் கடனை அடைக்க ஒரே வழி, சிறுகச் சிறுகத் தவணை கட்டுவதுதான். பயந்த காரியத்தைத் தாங்கக்கூடிய அளவில் எடுத்து, திரும்பத் திரும்பச் செய்து, "நினைத்த அளவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை" என்று மனதுக்குக் காட்ட வேண்டும். மனநல சிகிச்சையில் கையாளப்படும் பயிற்சி முறையின் சாரமும் இதுவே.

இந்தக் காரணத்தால்தான், பயத்துக்காக மட்டும் வேலையை மறுப்பது நல்லதல்ல என்கிறோம். அது கடன் தொகையை ஏற்றிக்கொண்டே போகும் வழி.

வாயுள்ள பிள்ளை மட்டும்தான் பிழைக்குமா?

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பது பழமொழி. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நம் தொழிலில் வாய் எவ்வளவு தேவை என்பதை நாமே அளந்து பார்ப்போம்.

ஒரு மளிகைக்கடைக்காரர் லைன் சேல்ஸ்மேனிடம் எதை எதிர்பார்க்கிறார்? சொன்ன கிழமையில் வர வேண்டும். எடுத்த ஆர்டர் எடுத்தபடி இறங்க வேண்டும். விலை ஏறப் போகிறது என்றால் முன்கூட்டியே உண்மையைச் சொல்ல வேண்டும். தேதி முடிந்த சரக்கையும் உடைந்த சரக்கையும் முகம் சுளிக்காமல் திருப்பி எடுக்க வேண்டும். ஓடாத சரக்கைத் தலையில் கட்டக் கூடாது. இந்த ஐந்தில் நாவன்மை எங்கே இருக்கிறது? வளவளவென்று பேசி இருபது பெட்டி இறக்கிவிட்டு, அடுத்த மாதம் பதினைந்து பெட்டி திரும்பி வந்தால் அது வியாபாரமா?

கூச்சமுள்ளவர் குறைவாகப் பேசுவார். அதனால் அதிகம் கேட்பார். கடைக்காரர் சொன்னதை எழுதிக்கொள்வார். வாக்குக் கொடுக்கப் பயப்படுவார், கொடுத்தால் காப்பாற்றுவார். நம் தொழிலில் இவை நல்ல மூலதனம்.

ஆனால் பூசி மெழுகவும் கூடாது. விற்பனை வேலையில் சில இடங்கள் இவர்களுக்கு உண்மையிலேயே கடினம். பாக்கி வசூல் ஒன்று. "அடுத்த வாரம் வா" என்று நாலாம் முறை சொல்லும் கடைக்காரரிடம் நின்று பணம் கேட்பது சாதாரண ஆளுக்கே கஷ்டம். கூடுதல் தள்ளுபடி கேட்பவரிடம் "முடியாது" என்பது இன்னொன்று. பத்துப் பேர் முன்னால் வாடிக்கையாளர் சத்தம் போடும்போது நிதானமாகப் பதில் சொல்வது மூன்றாவது. இவற்றை முதல் மாதமே ஒரு பிள்ளையின் தலையில் வைத்தால், நாமே அவரை ஊருக்கு அனுப்பிவைத்ததாக ஆகும்.

வணிகர்களிடம் வேலைக்குப் போன ஒரு பாரிஸ்டர்

காந்தியடிகளின் கூச்சத்தைப் பற்றி அவரே தம் 'சத்திய சோதனை'யில் விரிவாக எழுதியிருக்கிறார். லண்டனில் படித்த காலத்தில், தாம் நிர்வாகக் குழுவில் இருந்த சைவ உணவுச் சங்கத்தில்கூட எழுந்து பேச முடியாமல் தவித்தவர் அவர். 1891-இல் பாரிஸ்டராகத் திரும்பி, பம்பாய் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்குக்கு நின்றார். கட்டணம் 30 ரூபாய். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது. ஒரு கேள்வியும் வரவில்லை. வழக்கை வேறு வக்கீலிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். பிறகு ராஜ்கோட்டில் மனுக்கள் எழுதிக் கொடுத்து மாதம் சுமார் 300 ரூபாய் சம்பாதித்தார். வாய் திறக்காமல் எழுத்து வேலையிலேயே காலத்தை ஓட்டியிருக்கலாம்.

1893-இல் அவருக்கு ஒரு வேலை வந்தது. கொடுத்தது அரசாங்கம் அல்ல. ஒரு வணிக நிறுவனம். தென்னாப்பிரிக்காவில் பெரிய அளவில் வியாபாரம் செய்துவந்த தாதா அப்துல்லா கம்பெனியார், தங்கள் வழக்குக்கு உதவியாக ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். கப்பலில் போக வர முதல் வகுப்புப் பயணச் செலவு, இருப்பிடமும் சாப்பாடும் போக 105 பவுன் ஊதியம், வேலைக் காலம் ஒரு வருடத்துக்கு மேற்படாது. பாரிஸ்டராகப் போவதைக் காட்டிலும் ஒரு கம்பெனிச் சிப்பந்தியாகப் போவதாகவே அது இருந்தது என்று அவரே குறிப்பிடுகிறார். ஆனாலும் ஒப்புக்கொண்டார். பயம் தீர்ந்த பிறகு போகலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

போன இடத்தில் நடந்ததை வியாபாரிகள் கவனிக்க வேண்டும். வழக்கு முழுவதும் கணக்கு வழக்கு பற்றியது. 'பி நோட்டு' என்றால் என்னவென்றுகூட அப்போது அவருக்குத் தெரியாது. கணக்குப் பதிவியல் புத்தகம் வாங்கிப் படித்தார், பேரேடுகளைப் புரிந்துகொண்டார். முதலில் சரக்கைத் தெரிந்துகொண்டார் என்று நம் பாஷையில் சொல்லலாம். பிறகு அதே 1893-இல் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்களைக் கூட்டிப் பேசினார். தம் வாழ்வின் முதல் பொதுப் பேச்சு என்று அவர் சொல்வது அதைத்தான். பேசிய பொருள் என்ன தெரியுமா? வியாபாரத்தில் உண்மை. வியாபாரத்தில் உண்மை பேசிக் கட்டுப்படியாகாது என்று வணிகர்கள் சொல்லக் கேட்டிருந்தவர், வணிகர்கள் முன்னாலேயே நின்று அதை மறுத்துப் பேசினார்.

அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தவை மூன்று. பேசப் போகும் பொருளை நன்றாகத் தயார் செய்துகொண்டு போனார். கூடியிருந்தவர்கள் பெரும்பாலும் இந்திய வணிகர்கள். பேச வேண்டிய விஷயம் அவர் மனதார நம்பியது. இந்த மூன்றும் அமைந்தபோது, பம்பாயில் எழாத நாக்கு பிரிட்டோரியாவில் எழுந்தது. பிற்காலத்தில், தம் கூச்சம் சொற்களை அளந்து பேசக் கற்றுக்கொடுத்தது என்று அதற்கே நன்றி பாராட்டினார்.

அமெரிக்கப் பெருஞ்செல்வர் வாரன் பஃபெட் கதையும் இதே இனம்தான். இளம் வயதில் நாலு பேர் முன் பேசுவதென்றாலே நடுங்கியவர். பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேரக் காசோலை கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பயந்துபோய் அந்தக் காசோலையை நிறுத்திவிட்டார். அப்புறம் ஒமாஹா ஊரில் 100 டாலரை ரொக்கமாகவே கட்டிச் சேர்ந்தார். 1951-க்குப் பிறகு சில வருடங்கள் தம் தந்தையின் நிறுவனத்தில் பங்குகள் விற்கும் சேல்ஸ்மேனாக இருந்தவர் அவர். ரொக்கம் கட்டிவிட்டால் பின்வாங்க மனம் வராது என்பது வியாபாரி புத்தி!

வேலையை ஒப்புக்கொள்ளுமுன் தம்பிகளுக்குச் சில வார்த்தைகள்

முதலில் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். "நாளைக் காலையில் இந்தப் பயம் முழுவதும் மறைந்துவிட்டால், இந்த வேலை எனக்குப் பிடிக்குமா?" பிடிக்கும் என்று மனம் சொன்னால், உங்களைத் தடுப்பது பயம் மட்டும்தான். ஒப்புக்கொள்ளுங்கள். பயமே இல்லாவிட்டாலும் இந்த அலைச்சலும் பேரமும் எனக்கு வேண்டாம், கணக்கு எழுதவோ தொழில் கற்கவோதான் விருப்பம் என்று மனம் சொன்னால், தாராளமாக மறுத்துவிடுங்கள். அது கோழைத்தனம் ஆகாது. தனக்கு ஏற்ற சரக்கைத் தேர்ந்தெடுப்பதைப் போன்றதுதான்.

இரண்டாவது, ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள். வேலை கொடுப்பவரிடம் கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிடுங்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்ப் படித்துக் கேளுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை கடை? எந்த லைன்? மாதச் சம்பளம் உண்டா, கமிஷன் மட்டும்தானா? எத்தனை நாள் பழைய ஆள் கூட வருவார்? வசூலில் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களா? முதல் மூன்று மாதத்துக்கு டார்கெட் உண்டா? கமிஷன் மட்டும், உடன் வர ஆள் இல்லை, குறைந்தால் பிடித்தம் என்று பதில் வந்தால், அந்த வேலையைத் தவிர்ப்பதே நலம். நீச்சல் பழக ஓகேனக்கல் சுழலில் குதிக்க வேண்டியதில்லை. ஊர்க் கிணறு போதும்.

மூன்றாவது, பயத்தையும் ஆபத்தையும் பிரித்துப் பாருங்கள். "என்ன நினைப்பார்களோ" என்பது பயம். இருட்டிய பிறகு தனியாக வசூல் பணத்தோடு வர வேண்டியிருப்பதும், ஒரு பெண்பிள்ளை தகாத பேச்சுப் பேசும் இடத்துக்குத் தனியே போக வேண்டியிருப்பதும் ஆபத்து. முதலாவதைப் பழகித் தீர்க்கலாம். இரண்டாவதைப் பழகக் கூடாது. முதலாளியிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லும் பெண்ணிடம் "கூச்சப்பட்டால் முடியுமா அம்மா" என்று கேட்பது பொறுப்பற்ற செயல்.

நான்காவது, கடைக்குள் நுழைந்ததும் சொல்ல வேண்டிய மூன்று வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "வணக்கம் அண்ணா, டிப்போவிலிருந்து வருகிறேன். போன வாரச் சரக்கு எவ்வளவு மீதி இருக்கிறது? இந்த வாரத்துக்கு என்ன போடட்டும்?" இவ்வளவுதான். வீட்டில் தங்கையிடமோ தம்பியிடமோ பத்து முறை சொல்லிப் பாருங்கள். மீதிப் பேச்சைக் கடைக்காரரே பேசிக்கொள்வார். தைரியத்துக்கு என்று யாராவது கிளாஸை நீட்டினால் அந்த நட்பையே விட்டுவிடுங்கள். அந்தத் தைரியம் மறுநாள் காலையில் வட்டியோடு திரும்ப வாங்கிக்கொள்ளும்.

இப்போது பல கடைகள் வாட்ஸ்அப்பிலும் போனிலும் ஆர்டர் போடுகின்றன. "நேரில் போகாமலே முடித்துக்கொள்ளலாமே" என்று தோன்றும். முதல் படிக்கட்டாக அது நல்லது. ஆனால் அதிலேயே நின்றுவிடக் கூடாது. சரக்குக் குறைச்சல், பாக்கி, மனத்தாங்கல் எல்லாம் முகம் பார்த்துத்தான் தீரும்.

முதலாளிகளாகிய நமக்கு

திருக்குறளில் 'அவையஞ்சாமை' என்று ஓர் அதிகாரமே உண்டு, 73-ஆவது. அதற்கு முந்தைய 72-ஆவது அதிகாரம் 'அவையறிதல்'. முதலில் அவையை அறிய வேண்டும், பிறகுதான் அஞ்சாமை. வரிசை அப்படித்தான் இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? வந்த அன்றே பையன் கையில் பில் புத்தகத்தைக் கொடுத்து, "போய் நாலு கடை பார்த்துட்டு வா" என்கிறோம். அறிய விடாமலே அஞ்சாதே என்கிறோம்.

மூன்று மாத ஏற்பாடு ஒன்றை யோசனையாக வைக்கிறோம். முதல் மாதம் கிடங்கிலும் பாக்கிங்கிலும் இருக்கட்டும். எந்தச் சரக்கு எந்த மூட்டை, எந்தப் புளி கொட்டை நீக்கியது, எது நீக்காதது, எந்தப் பருப்பு எந்த ஊர்ச் சரக்கு என்று கையால் தொட்டுப் பழகட்டும். தேதி பார்த்து அடுக்குவதும் பில் போடுவதும் இவர் வேலை. சரக்கு தெரிந்தவனுக்குப் பேச்சு தானாக வரும். இரண்டாம் மாதம் கவுண்ட்டரில் மூத்த ஆள் பக்கத்தில் நிற்கட்டும். கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் தொடங்கட்டும். மூன்றாம் மாதம் மூத்தவரோடு லைனுக்குப் போகட்டும். தெரிந்த கடை ஐந்தில் மட்டும் இவர் பேசட்டும். வசூல் பொறுப்பை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சௌகரியமும் உண்டு. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாகப் பேசும் குடும்பங்கள் இங்கு ஏராளம். பாலக்கோடு, மாரண்டஅள்ளி, பென்னாகரம் பக்கங்களில் கடைக்காரரே வீட்டு மொழியில் பேசுவார். பையனின் வீட்டு மொழி பேசும் ஊராகப் பார்த்து முதல் லைன் கொடுத்தால் பாதிக் கூச்சம் அங்கேயே கழன்றுவிடும். இதற்கு ஒரு பைசா செலவு இல்லை.

அடுத்தது நம் வாய். வாடிக்கையாளர் முன்னால் வேலையாளைத் திட்டுவதைச் சிலர் நிர்வாகத் திறமை என்றே எண்ணுகிறோம். சாதாரணப் பையன் அதைத் துடைத்துக்கொண்டு போவான். இந்தப் பிள்ளையோ மறுநாள் வேலைக்கே வர மாட்டான். தவற்றைத் தனியே கூப்பிட்டுச் சொன்னால் அதே தவறு திருந்தும். "ஊமைக்கோட்டான்" என்று பட்டப்பெயர் வைத்துச் சிரிப்பதும் நிற்க வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ பிரிவைச் சேர்த்து, வேலையாட்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்றார்கள். கால் வலிக்கு ஸ்டூல் போட்ட நாம், மன வலிக்கும் ஒரு ஸ்டூல் போட்டால் என்ன?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாம் விற்கிற பக்கத்தில் மட்டும் நிற்பதில்லை. வாங்குகிற பக்கத்திலும் நிற்கிறோம். நம் கடை வாசலில் பையோடு வந்து நிற்கும் சேல்ஸ்மேனை நிமிர்ந்தும் பார்க்காமல் "அப்புறம் வா" என்பவர்கள் நாம்தான். அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டு "இன்னிக்கு ஒண்ணும் வேணாம்" என்பவர்களும் நாம்தான். ஆர்டர் இல்லாவிட்டால் இல்லை என்று முகம் பார்த்து உடனே சொல்லிவிடலாம். அந்தப் பிள்ளைக்கு அடுத்த கடைக்குப் போகத் தெம்பு இருக்கும். நாளை நம் வீட்டுப் பிள்ளையும் யாரோ ஒருவர் கடை வாசலில் அப்படி நிற்கலாம்.

"நாம் என்ன ஆஸ்பத்திரியா நடத்துகிறோம்? சின்னக் கடைக்காரன் மூன்று மாதம் சும்மா சம்பளம் கொடுக்க முடியுமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மேலே சொன்ன ஏற்பாட்டில் அந்தப் பிள்ளை ஒரு நாளும் சும்மா இருக்கவில்லை. பாக்கிங், அடுக்கு, பில், தேதி பார்த்தல் எல்லாம் நாம் எப்படியும் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலைகள். மேலும், வாய்ச்சாலகம் உள்ளவன் என்று எடுத்த ஆள் ஆறு மாதத்தில் வாடிக்கையாளர் பட்டியலோடு அடுத்த டிப்போவுக்குத் தாவிய அனுபவம் பலருக்கு உண்டு. புது ஆளை எடுத்து, லைன் காட்டி, விட்டுப்போன பாக்கியைத் தேடிப் பிடிக்கும் செலவை யாரும் பேரேட்டில் எழுதுவதில்லை. எழுதிப் பார்த்தால், மூன்று மாதப் பொறுமை மலிவு என்பது தெரியும். எல்லாப் பிள்ளையும் தேறிவிடுவார்கள் என்று நாம் உத்தரவாதம் தரவில்லை. மூன்று மாதம் கழித்தும் லைன் ஒத்துவராவிட்டால், கணக்குக்கோ கிடங்குக்கோ நல்ல ஆள் கிடைத்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

மருத்துவரிடம் எப்போது?

சரக்கேற்றத்தில் ஒரு அளவு உண்டு. அதற்கு மேல் வண்டி தாங்காது. ஆறு மாதத்துக்கு மேலாகப் பயம் நீடித்து, சாப்பாடும் தூக்கமும் கெட்டு, வீட்டை விட்டே வெளியேற முடியாமல் போனால், அல்லது வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால், "வேலைக்குப் போனால் சரியாகிவிடும்" என்று காத்திருக்கக் கூடாது. மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். பேச்சு வழிச் சிகிச்சையும் தேவைப்பட்டால் மருந்தும் இதற்கு உண்டு. நல்ல பலனும் உண்டு. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். முதல்முறை நேரில் போகக் கூச்சப்படும் பிள்ளைக்குப் போன் நல்ல தொடக்கம்.

இதை வெட்கமாகக் கருத வேண்டியதில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்போடு இருந்தது தெரியவந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுவதை மறைக்காத நாம், இதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

முடிவாக ஒன்று

பெற்றோர்களுக்கு நாம் சொல்வது, பிள்ளையின் சார்பில் நீங்கள் வந்து "வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல்லையாவது அவனே வந்து சொல்லட்டும். சொல்லத் தெரிந்தால் அதுவே முதல் பாடம். தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்வது, பயம் போன பிறகு வேலை என்று காத்திருந்தால் இரண்டும் வராது. நிபந்தனைகளைக் கேட்டுக்கொண்டு, சின்னப் படியாகப் பார்த்து ஏறுங்கள். சங்க உறுப்பினர்களுக்குச் சொல்வது, இந்த வருடம் ஒவ்வொரு கடையும் இப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்காவது மூன்று மாத வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்போம். வேலைக்கு ஆள் இல்லை என்ற புலம்பலுக்கு நம் கையில் இருக்கும் பதில் அதுதான்.

வணிகம் என்பது நம்பிக்கையை விற்று நம்பிக்கையை வாங்கும் தொழில். நடுங்கும் குரலில் சரியான விலையைச் சொல்லும் பிள்ளையை ஊர் நம்பும். அந்தக் குரல் நிதானப்படும் வரை பொறுத்திருக்க வேண்டியது நம் கடமை.